கணினிகளைக் குழுவில் சேர்ப்பதும் நீக்குவதும்: கட்டளை வரியில் வேலை செய்பவர்களுக்கான கேள்வி பதில்

மதுரை சிம்மக்கல் பக்கம் எங்கள் தலைமை அலுவலகம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டியில் கிளைகள். எல்லாம் சேர்த்து 140 சொச்சம் விண்டோஸ் கணினிகள். ஆட்களுக்கும் கணினிகளுக்கும் கணக்கு வைத்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புதிதாக வேலைக்குச் சேரும் தம்பிகளும், வேறு நிறுவனங்களில் இதே வேலை பார்ப்பவர்களும் போனில் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவைதான். அவற்றுக்கான பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கட்டளைகளை ஒலிப்பை வைத்துத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும், ஒரே சொல்லாக எழுதியிருப்பதற்கு இடையில் வெற்றிடம் விடக்கூடாது. சிறுகோடு போட்டிருக்கும் இடத்தில் சிறுகோடு உண்டு.

கணினியை எதற்குக் குழுவில் சேர்க்க வேண்டும்? ஆளைச் சேர்த்தால் போதாதா?

சில விதிகள் ஆளைப் பொறுத்தவை, சில விதிகள் இடத்தைப் பொறுத்தவை. பில்லிங் கவுன்டர் சிஸ்டத்தில் பென்டிரைவ் வேலை செய்யக்கூடாது என்றால், அங்கே காலையில் யார் உட்காருகிறார், மாலையில் யார் என்று பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பெட்டியில் கூடாது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட விதிகளை டைரக்டரியிலிருந்து அனுப்பும் வசதிதான் குரூப் பாலிசி. அதில் கணினிப் பகுதியில் இருக்கும் அமைப்புகளைப் படிப்பது கணினியின் கணக்கு. ஆட்கள் மட்டும் இருக்கும் ஒரு குழுவுக்கு அந்தப் பாலிசியைக் கொடுத்தால் எந்தக் கவுன்டரிலும் எதுவும் நடக்காது. வேலைக்கு வந்த முதல் மாதத்தில் பெரும்பாலான தம்பிகள் முட்டிக்கொள்வது இங்கேதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட் எம்எஸ்16-072 என்ற பாதுகாப்புப் புதுப்பிப்பை வெளியிட்டது. அதற்குப் பிறகு ஆட்களுக்கான பாலிசியைக்கூடக் கணினியின் அடையாளத்தில்தான் விண்டோஸ் எடுத்து வருகிறது. ஆகவே ஆட்கள் குழு ஒன்றுக்கு மட்டும் என்று பாலிசியைச் சுருக்கி, 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' (உள்நுழைந்த ஆட்கள், கணினிகள் எல்லாவற்றையும் குறிப்பது) என்பதை எடுத்துவிட்டால், 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' (டொமைனில், அதாவது ஒரே டைரக்டரியின் கீழ், சேர்த்த கணினிகள் இயல்பாக இருக்கும் குழு) குழுவுக்குப் படிக்கும் அனுமதியாவது கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் குழுவில் இருந்தும் பாலிசி வராது.

மவுஸால் முடிகிற வேலைக்குக் கட்டளை எதற்கு?

மூன்று கணினி என்றால் மவுஸ் போதும், நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் குழுவில் சேர்க்கும் அந்த ஜன்னலில் 'ஆப்ஜெக்ட் டைப்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதற்குள் போய் 'கம்ப்யூட்டர்ஸ்' என்பதைத் தேர்வு செய்யாவிட்டால், கண் முன்னால் இருக்கிற கணினியையே காணவில்லை என்று சொல்லும். நாற்பது கணினியை இப்படிச் சேர்த்து முடிக்கையில் மூன்று விட்டுப்போயிருக்கும். எந்த மூன்று என்று யாருக்கும் தெரியாது. கட்டளை வரியில் செய்தால், செய்தது என்ன என்பது கோப்பாகக் கையில் மிஞ்சும். எனக்கு வேகத்தைவிட அதுதான் முக்கியம்.

என்னென்ன நிறுவ வேண்டும்?

ஆர்சாட் என்று எல்லோரும் சொல்லும் நிர்வாகக் கருவிகள். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியிலேயே கிடைக்கிறது, தனியாகப் பதிவிறக்க வேண்டாம். ஹோம் பதிப்பில் வராது. இது உங்கள் கணினியில் இருந்தால் டைரக்டரியை வைத்திருக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலருக்குள் லாகின் செய்யும் தேவையே இல்லை. தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விடுங்கள். குழு வேலைக்காக யாரும் டொமைன் கன்ட்ரோலர் திரையில் உட்கார வேண்டாம்.

"அண்ணே, பெயர் சரியாகத்தான் தட்டினேன். அப்படி ஒன்று இல்லை என்கிறது."

வாரத்துக்கு ஒரு தடவையாவது வரும் கேள்வி. கணினிக் கணக்கின் உள்பெயர் டாலர் குறியில் முடியும். திரையில் மேலூர்03 என்று தெரிந்தாலும், டைரக்டரிக்குள் அதன் கணக்குப் பெயர் மேலூர்03$. பவர்ஷெல்லில் (விண்டோஸின் கட்டளை மொழி) குழுவில் சேர்க்கும் ஆட்-ஏடிகுரூப்மெம்பர் கட்டளையில் மெம்பர்ஸ் என்பதற்கு நேரே டாலரோடு கொடுத்தால்தான் அது தேடிப்பிடிக்கும். பழைய நெட் குரூப் கட்டளையிலும் அப்படித்தான்.

பவர்ஷெல்லில் டாலர் குறிக்கு வேறு வேலையும் உண்டு, மாறிகள் அதில்தான் தொடங்கும். அதனால் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் போட்டுப் பழகுங்கள். இரட்டை மேற்கோள் பல சமயம் ஒன்றும் செய்யாது, ஆனால் டாலருக்குப் பின்னால் எழுத்து ஏதாவது வந்துவிட்டால் அதை மாறியின் பெயராக எடுத்துக்கொள்ளும்.

டாலரை நினைவில் வைக்கவே வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. கெட்-ஏடிகம்ப்யூட்டர் மேலூர்03 என்று முதலில் கணினியை எடுத்துக்கொண்டு, அந்தப் பொருளையே மெம்பர்ஸ் பக்கம் கொடுத்துவிடுங்கள். கெட்-ஏடிகம்ப்யூட்டர் டாலர் இல்லாமலும் கண்டுபிடிக்கும். நான் இப்படித்தான் செய்கிறேன். இல்லாத பெயர் என்றால் சேர்க்கும் கட்டளை வரை போகாமல் முதல் படியிலேயே தெரிந்துவிடும்.

உறுப்பினர் விவரம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? கணினியிலா, குழுவிலா?

குழுவில். கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யார் மொய் எழுதினார்கள் என்பது கல்யாணம் நடத்துபவரின் நோட்டில் இருக்கும். எழுதியவர் கையில் நோட்டு எதுவும் இருக்காது. அவர் எந்தெந்த வீட்டில் எழுதியிருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் எல்லா வீட்டு நோட்டையும் புரட்டித் தொகுக்க வேண்டும். குழுவின் 'மெம்பர்' என்ற பண்புதான் அந்த நோட்டு. கணினியின் பண்புகளில் தெரியும் 'மெம்பர்ஆஃப்' டைரக்டரி அப்படிப் புரட்டித் தொகுத்துக் காட்டும் பட்டியல், அதில் நேராக எதையும் எழுத முடியாது.

ஆட்-ஏடிபிரின்சிபல்குரூப்மெம்பர்ஷிப் என்று நீளமாக ஒரு கட்டளை இருக்கிறது. அது கணினியின் பக்கமிருந்து தொடங்குவதுபோல் தோன்றினாலும், எழுதுவது குழுவின் நோட்டில்தான். ஒரே கணினியைப் பல குழுக்களில் சேர்க்க அது வசதி.

இதிலிருந்து வரும் ஆபத்து ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். செட்-ஏடிகுரூப் கட்டளையில் 'ரீப்ளேஸ்' போட்டு மெம்பர் பண்பைத் தொட்டால், ஏற்கெனவே இருந்த பெயர்கள் முழுக்கப் போய்விடும், நீங்கள் கொடுத்தவை மட்டும் நிற்கும். நோட்டைக் கிழித்துப் புதிதாக எழுதுவது மாதிரி. சேர்க்க ஆட், நீக்க ரிமூவ், இந்த இரண்டோடு நில்லுங்கள்.

கிளை முழுவதையும் ஒரே நேரத்தில் சேர்ப்பது எப்படி?

நான் செய்யும் முறையை அப்படியே சொல்கிறேன். உசிலம்பட்டி கிளையில் 22 கணினிகளை பென்டிரைவ் தடைக் குழுவில் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் குழுவில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கெட்-ஏடிகுரூப்மெம்பர் கொடுத்து, வருவதைத் தேதி போட்டு ஒரு சிஎஸ்வி கோப்பில் சேமிப்பேன். இந்தக் கோப்பு இல்லாமல் அடுத்த படிக்குப் போனதே இல்லை. அப்புறம் சேர்க்க வேண்டிய பட்டியல். கிளைக்குத் தனி ஓயு (டைரக்டரிக்குள் கணக்குகளைப் பிரித்து வைக்கும் பிரிவு) இருந்தால் கெட்-ஏடிகம்ப்யூட்டரில் சர்ச்பேஸ் என்பதற்கு அந்த ஓயுவைக் கொடுத்து எடுக்கலாம். சர்ச்பேஸ் கொடுக்க மறந்து ஃபில்டரில் நட்சத்திரம் மட்டும் போட்டால் டொமைனில் உள்ள மொத்தமும் வரும், சர்வர்களும் டொமைன் கன்ட்ரோலர்களும் உட்பட. ஆகவே வந்த பட்டியலைக் கண்ணால் எண்ணுவேன். 22 என்றால் 22 இருக்க வேண்டும்.

கிளையிலிருந்து எக்செல் கோப்பாகப் பெயர்கள் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வரும். இம்போர்ட்-சிஎஸ்வி அதையும் சேர்த்தே படிக்கும், தேடினால் கிடைக்காது. டிரிம் போட்டு வெட்டிவிடுங்கள்.

பெயர்களை மொத்தமாக ஒரே கட்டளையில் கொடுக்காமல், ஒவ்வொன்றாகச் சுற்றுக்குள் விட்டுச் சேர்ப்பது நல்லது. மொத்தமாகக் கொடுத்து, அதில் ஒரு பெயர் தவறாக இருந்தால் கட்டளை முழுவதும் நின்றுவிடும். ஒவ்வொன்றாக விட்டால் தவறிய பெயர் மட்டும் தனியாக வந்து நிற்கும், அதைக் கிளைக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். முதல் தடவை 'வாட்இஃப்' சேர்த்து ஓட்டிப் பாருங்கள். என்ன செய்யப் போகிறது என்று மட்டும் சொல்லும், எதையும் மாற்றாது. முடிந்த பிறகு மறுபடியும் கெட்-ஏடிகுரூப்மெம்பர், மறுபடியும் ஒரு கோப்பு. முன்னதுக்கும் பின்னதுக்கும் 22 வித்தியாசம் வந்தால் சரி.

டிஎஸ்கொயரி, டிஎஸ்மாட் பழசாகிவிட்டதா? பயன்படுத்தலாமா?

தாராளமாக. டைரக்டரியில் தேடவும் மாற்றவும் பவர்ஷெல்லுக்கு முன்பிருந்தே உள்ள கட்டளைகள் இவை. டிஎஸ்கொயரி கம்ப்யூட்டர் கொடுத்து, வருவதைக் குழாய்க் குறி வழியாக டிஎஸ்மாட் குரூப்புக்கு அனுப்பி, ஆட்எம்பிஆர் போட்டால் ஒரே வரியில் வேலை முடியும். ஆனால் டிஎஸ்கொயரி இயல்பாக 100 விடைகளோடு நின்றுவிடும். லிமிட் 0 என்று கொடுத்தால்தான் முழுவதும் வரும்.

இதை நான் கற்றது முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில். அங்கே 130 கணினிகளுக்கு மேல் ஒரே ஓயுவில் இருந்தன. எல்லாவற்றையும் அச்சிடும் மென்பொருளுக்கான குழுவில் சேர்க்கச் சொன்னார்கள். கட்டளை ஓடியது, 'வெற்றி' என்று வந்தது, வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஒரு கிளையிலிருந்து போன். "சார், மூன்று கவுன்டரில் பில் வருகிறது, இரண்டில் வரவில்லை. ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்." அடுத்த அரை மணி நேரத்தில் இன்னும் நான்கு போன்கள். ஒவ்வொரு கிளையிலும் சில பெட்டிகள் சரியாக இருந்தன, சில இல்லை. நெட்வொர்க், பிரிண்டர் டிரைவர் என்று எங்கெங்கோ தேடிவிட்டுக் கடைசியில் குழுவைத் திறந்து எண்ணினேன். சரியாக 100. அந்த முழு எண்ணைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. வரம்பு எட்டிவிட்டது என்று டிஎஸ்கொயரி ஒரு வரி எச்சரித்திருக்கும். ஓடும் திரையில் அதை நான் பார்க்கவில்லை. முன்னும் பின்னும் எண்ணும் வழக்கம் எனக்கு அன்று தொடங்கியது.

சேர்த்துவிட்டேன், பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் கணினியில் ஒன்றும் மாறவில்லை. ஏன்?

மூன்று இடங்களில் தாமதம் இருக்கிறது. மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, செய்தி கிளைக்குப் போய்ச் சேர வேண்டும். கிளையில் தனி டொமைன் கன்ட்ரோலர் இருந்தால், நீங்கள் சிம்மக்கல்லில் எழுதியது அங்கே நகலாக வேண்டும். ஒரே சைட்டுக்குள் (டைரக்டரியில் ஓர் இடத்து நெட்வொர்க்கைக் குறிப்பது) என்றால் சில நொடிகளில் நடந்துவிடும். வேறு சைட் என்றால் இயல்பான இடைவெளி 180 நிமிடம், அதாவது மூன்று மணி நேரம். சைட் இணைப்பில் அதை 15 நிமிடம் வரை குறைக்கலாம். அவசரத்துக்கு ரெப்அட்மின் சிங்க்ஆல் கொடுத்துத் தள்ளிவிடலாம். கெட்-ஏடிகுரூப்மெம்பர் கட்டளையில் சர்வர் என்று கிளைக் கன்ட்ரோலரின் பெயரைக் கொடுத்துப் பார்த்தால், அங்கே போய்விட்டதா என்று தெரியும். சந்தேகம் வந்தால் முதலில் இதைச் செய்யுங்கள்.

இரண்டாவதுதான் பெரும்பாலோர் தவறவிடுவது. கணினி இயங்கத் தொடங்கும்போது டொமைனிடமிருந்து கெர்பரோஸ் டிக்கெட் வாங்குகிறது. எந்தெந்தக் குழுவில் இருக்கிறது என்ற விவரம் அந்த டிக்கெட்டுக்குள் போய்விடும். அதற்குப் பிறகு குழுவில் சேர்த்தால், கையில் இருக்கும் டிக்கெட்டில் அது இருக்காது. பாலிசியை உடனே புதுப்பிக்கும் ஜிபிஅப்டேட் ஃபோர்ஸ் கட்டளையை எத்தனை தடவை அடித்தாலும் கணினி பழைய விவரத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் புது டிக்கெட் வரும்.

ரீஸ்டார்ட் என்றால் ரீஸ்டார்ட்தான். "நேற்று ராத்திரி ஆஃப் செய்துவிட்டுக் காலையில்தானே போட்டோம்" என்பார்கள். விண்டோஸ் 10, 11-இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட்டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் உள்பகுதி முழுதாக அணைவதில்லை. அது வட்டில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழுந்து வருகிறது. மெனுவில் ரீஸ்டார்ட்டை அழுத்தினால்தான் முழுதாக அணைந்து வரும். கிளைக்குப் போனில் சொல்லும்போது "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லாதீர்கள், "ரீஸ்டார்ட்டை அழுத்துங்க" என்று சொல்லுங்கள்.

கவுன்டரில் கூட்டம், ரீஸ்டார்ட் செய்ய வழியில்லை என்றால், அந்தக் கணினியில் நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரம் திறந்து, கேலிஸ்ட் என்ற கட்டளைக்கு எல்ஐ 0எக்ஸ்3இ7 பர்ஜ் என்று கொடுத்து, அப்புறம் ஜிபிஅப்டேட் ஃபோர்ஸ். அந்த எண் கணினியின் சொந்த லாகினைக் குறிக்கும். கணினியின் டிக்கெட்டுகள் அழிந்து புதிதாக வாங்கப்படும். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

மூன்றாவது, பாலிசியே தன் நேரத்தில்தான் புதுப்பிக்கும். இயல்பாக 90 நிமிடத்துக்கு ஒரு தடவை, அதோடு 30 நிமிடம் வரை கூடலாம்.

எல்லாம் முடிந்த பிறகு அந்தக் கணினியில் ஜிபிரிசல்ட் ஆர், ஸ்கோப் கம்ப்யூட்டர் என்று கொடுங்கள். கணினி எந்தக் குழுக்களில் இருப்பதாக அதுவே நினைக்கிறது என்று கடைசியில் வரும். டைரக்டரி சொல்வதும் இதுவும் ஒத்துப்போனால் குழு வேலை முடிந்தது. அதற்கு மேல் கோளாறு இருந்தால் பாலிசியில் தேடுங்கள்.

ஒரு நடைமுறை விஷயம். சித்திரைத் திருவிழா, பொங்கல் மாதிரி அலுவலகம் நாள்கணக்கில் மூடியிருக்கும் சமயத்துக்கு முந்தைய நாள் குழு மாற்றம் எதுவும் செய்யாதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஒரு பெட்டியும் ஓடாது. திறக்கும் நாள் காலையில் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து, எல்லாக் குறைகளும் ஒரே நேரத்தில் போனில் வரும்.

நீக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ரிமூவ்-ஏடிகுரூப்மெம்பர் ஒவ்வொரு தடவையும் "நிச்சயமா?" என்று கேட்கும். ஸ்கிரிப்டில் கன்ஃபர்ம் என்பதை ஃபால்ஸ் ஆக்கி அந்தக் கேள்வியை நிறுத்தலாம். பட்டியலைக் கண்ணால் பார்த்த பிறகு மட்டும் நிறுத்துங்கள். நீக்கியதும் கணினியில் உடனே விடுபடாது, மேலே சொன்ன டிக்கெட் கதை இதற்கும் பொருந்தும். பாதுகாப்புக்காக நீக்குகிறீர்கள் என்றால் அன்றே ரீஸ்டார்ட் செய்யவைத்துவிடுங்கள்.

குழுவுக்குள் குழு இருந்தால்?

கெட்-ஏடிகுரூப்மெம்பர் மேல் அடுக்கை மட்டும்தான் காட்டும். 'ரிகர்சிவ்' சேர்த்தால் உள்ளே இருக்கும் குழுக்களைப் பிரித்துக் கடைசி உறுப்பினர்களைக் காட்டும். டிஎஸ்கெட் குரூப்பில் மெம்பர்ஸோடு எக்ஸ்பான்ட் போட்டாலும் அதே வேலை. கிளைக்கு ஒரு குழு, அந்தக் கிளைக் குழுக்களைச் சேர்த்து ஒரு பெரிய குழு என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் நல்லது. மூன்றாவது அடுக்கு வந்தால் ஆறு மாதம் கழித்து யாராலும் தலை வால் கண்டுபிடிக்க முடியாது.

'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' குழுவில் கணினி இருக்கிறது, ஆனால் மெம்பர்ஆஃபில் தெரியவில்லையே?

அது முதன்மைக் குழு. அது மெம்பர்ஆஃபில் வராது, பிரைமரிகுரூப்ஐடி என்ற தனிப் பண்பில் 515 என்ற எண்ணாக இருக்கும். கோளாறு இல்லை.

கணினியை ஃபார்மேட் செய்தால் குழுவில் இருப்பது போய்விடுமா? பெயர் மாற்றினால்?

பெயர் மாற்றினால் போகாது. குழு நினைவில் வைத்திருப்பது பெயரை அல்ல, கணக்கை. ஃபார்மேட் செய்து அதே பெயரில் டொமைனில் சேர்த்தால், பழைய கணக்கே மறுபடி பயன்படும், குழுக்களும் அப்படியே இருக்கும். ஆனால் 2022 அக்டோபர் புதுப்பிப்புக்குப் பிறகு, அந்தக் கணக்கை முதலில் உருவாக்கியவர் ஒருவர், இப்போது சேர்ப்பவர் வேறொருவர் என்றால் விண்டோஸ் மறுக்கலாம். அப்போது தம்பிகள் என்ன செய்கிறார்கள் என்றால், பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கிறார்கள். பெயர் அதேதான், ஆனால் அடையாள எண் புதிது. எல்லாக் குழுக்களிலிருந்தும் சத்தமில்லாமல் விடுபட்டுவிடும்.

அழிக்கும் முன் அந்தக் கணினியின் மெம்பர்ஆஃபை ஒரு கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். அழித்தே விட்டீர்கள் என்றாலும், விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-இல் வந்த ஆக்டிவ் டைரக்டரி ரீசைக்கிள் பின் (அழித்த கணக்குகளை மீட்க வைத்திருக்கும் வசதி) உங்கள் டொமைனில் ஏற்கெனவே இயக்கப்பட்டிருந்தால், கணக்கைக் குழுக்களோடு சேர்த்து மீட்கலாம். இயக்காமல் வைத்திருப்பவர்கள் இன்றே இயக்குங்கள். அழிந்த பிறகு இயக்கிப் பயனில்லை.

பழைய கணினிகள் குழுவில் கிடக்கின்றன. எப்படிக் கண்டுபிடிப்பது?

சர்ச்-ஏடிஅக்கவுன்ட் கட்டளையில் கம்ப்யூட்டர்ஸ்ஒன்லி, அக்கவுன்ட்இன்ஆக்டிவ், டைம்ஸ்பேன் 90 நாள் என்று கொடுங்கள். இது பார்க்கும் தேதி அன்றாடம் புதுப்பிக்கப்படுவது அல்ல, இரண்டு வாரம் வரை பின்தங்கி இருக்கலாம். அதனால் 15 நாள், 20 நாள் என்று கணக்குப் போடாதீர்கள். வந்தவற்றை உடனே அழிக்காமல் முதலில் முடக்கி வையுங்கள். சோழவந்தான் பக்கம் ஏதோ ஒரு கிட்டங்கியில் அறுவடைக்கு மட்டும் போடுகிற பெட்டி ஒன்று எப்போதும் இருக்கும்.

யார் சேர்த்தார், யார் நீக்கினார் என்று பின்னால் தெரியுமா?

தணிக்கை இயக்கப்பட்டிருந்தால் தெரியும். டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் குளோபல் குழுவில் சேர்த்ததற்கு 4728, நீக்கியதற்கு 4729. டொமைன் லோக்கல் குழுவுக்கு 4732, 4733. யூனிவர்சல் குழுவுக்கு 4756, 4757. மாற்றம் எந்தக் கன்ட்ரோலரில் நடந்ததோ அதில்தான் பதிவு இருக்கும், எல்லாவற்றிலும் பார்க்க வேண்டும்.

கிளவுடில் இருக்கும் கணினிகளுக்கும் இதே கட்டளைகள்தானா?

இல்லை. மைக்ரோசாஃப்டின் கிளவுட் டைரக்டரியான, 2023-இல் என்ட்ரா ஐடி என்று பெயர் மாறிய அசூர் ஏடியில் மைக்ரோசாஃப்ட் கிராஃப் பவர்ஷெல் வேண்டும், சேர்க்க நியூ-எம்ஜிகுரூப்மெம்பர். அங்கே டாலர் தொல்லை இல்லை, வேறொரு தொல்லை இருக்கிறது. ஒரே கணினிக்கு டிவைஸ் ஐடி, ஆப்ஜெக்ட் ஐடி என்று இரண்டு நீண்ட எண்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். குழுவுக்கு வேண்டியது ஆப்ஜெக்ட் ஐடி. விதியின்படி உறுப்பினர்கள் தானாகச் சேரும் டைனமிக் குழுவாக இருந்தால் கையால் சேர்க்கவே முடியாது, அதன் விதியைத்தான் மாற்ற வேண்டும்.

"அண்ணே, எனக்கு டொமைன் அட்மின் உரிமை கொடுத்தால் நானே செய்துவிடுவேனே?"

வேண்டாம் தம்பி. குழுவில் சேர்க்க, நீக்க அவ்வளவு உரிமை தேவையில்லை. குறிப்பிட்ட குழுவின் மெம்பர் பண்பில் எழுதும் உரிமையை மட்டும் டெலிகேட் கன்ட்ரோல் வழியாகவோ டிஎஸ்ஏசிஎல்எஸ் கட்டளையாலோ கொடுக்கலாம். எங்கள் அலுவலகத்தில் பென்டிரைவ் குழு, பிரிண்டர் குழு இரண்டையும் தம்பிகளே பார்த்துக்கொள்கிறார்கள். சர்வர்கள் இருக்கும் குழுக்களில் அவர்களுக்குப் படிக்கும் உரிமை மட்டும். முன்னும் பின்னும் எடுத்த பட்டியல் கோப்புகளைத் தேதிவாரியாக ஒரு பொது ஃபோல்டரில் போடுகிறார்கள், திங்கள்கிழமை காலை தேநீருக்கு முன் நான் அவற்றைத் திறந்து பார்த்துவிடுகிறேன்.